கைக்கு எட்டாத செங்கல்

அவள் கீழே நின்று எறிவாள். அவர் சாரத்தின் மேல் நின்று பிடிப்பார். கணவனும் மனைவியும் ஒரே கட்டடத்தில் வேலை. செங்கல் மேலே போய், இனிப் போக வலுவில்லாமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் கொத்தனாரின் கை அதை வாங்கிக்கொள்ளும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவ்வளவு பழகிய கை!

அவளுடைய அந்தக் கைதான் பிசகியது என்றார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எறிந்த முதல் கல் தாழ்வாகப் போயிற்று. குனிந்து எட்டிப் பிடிக்கப் பார்த்தவர் கல்லோடு கீழே வந்துவிட்டார். முதுகெலும்பு முறிந்து, கைகால் அசையாமல் இரண்டு வருடமாகப் படுக்கை.

அதற்குப் பிறகு அவள் கல்லை எறியவே இல்லை, தலையில்தான் சுமந்தாள். வீட்டுக்கு வந்தால் அவரைத் துடைத்துவிடுவாள், ஊட்டுவாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அக்கா வந்து பேசுகிற பேச்சையும் வாங்கிக்கொள்வாள். கொத்தனார் அப்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பீரங்கி.

“படிக்கிறியா, விளையாடுறியா?”

“ரெண்டும்தாம்மா. எறிபொருள் இயக்கம். வேகம், கோணம், உயரம் எல்லாம் நாமளே மாத்தலாம். குண்டு போற வழியைக் கோடு போட்டுக் காட்டும்.”

“குண்டுக்குப் பதிலா செங்கல் வைக்க முடியுமா?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “முடியும்மா. நீதான் பீரங்கி.”

“வாய்... வாய்.”

திரையில் மேடைமேல் ஒரு பொம்மை நின்றது. அதன் கைக்குக் கல் சரியாகப் போய்ச் சேரும்வரை மகள் வேகத்தைக் கூட்டினாள். “இது அன்னிக்குக் காலையில நீ எறிஞ்சது. இப்ப வேகத்தைக் குறைச்சா, பாரு, தாழ்ந்துடுது. கை தளர்ந்திருக்கும்மா.”

“தளரலடி. சத்தியமா அதே மாதிரிதான் எறிஞ்சேன்.”

“அப்போ வேற எதுவோ மாறியிருக்கணும்.”

வேகத்தையும் கோணத்தையும் பழையபடி வைத்துவிட்டு, மேடையை மட்டும் ஒரு முழம் உயர்த்தினாள். கோடு பொம்மையின் கையைத் தொடாமல் கீழேயே வளைந்து இறங்கியது.

தாய் அந்தக் கோட்டையே பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது சாரப்பலகையை ஏற்றிக் கட்டியிருந்தால்? அதை ஏற்றக்கூடியவர் ஒருவர்தான்.

“அணைச்சிடு,” என்றாள் மெல்ல. “அப்பா காதுல விழக் கூடாது.”

ஒற்றை அறை வீட்டில் எது காதில் விழாது?

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் உள்ளே வந்தாள். “என்ன, ஆத்தாளும் மகளும் செல்போனா? ஒரு கல்லை ஒழுங்காப் போடத் தெரியல, இதுல...”

“அக்கா!” படுக்கையிலிருந்து குரல் வந்தது. “பாப்பா, அத்தைக்கு அதைக் காட்டு.”

“எனக்கு எதுக்குடா விளையாட்டு?”

“பலகையை ஏத்திக் கட்டினது நான்க்கா. இவகிட்டச் சொல்லல. இவ எறிஞ்சா என் கைக்குத்தான் வரும்னு இருந்துட்டேன்.”

மனைவி எழுந்து கட்டிலருகே போனாள்.

“இத்தனை நாளா ஏன்யா சொல்லல?”

அவர் கண்ணோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. “உன் தப்பு இல்லன்னு தெரிஞ்சா, நீ எதுக்கு என்கூட இருக்கப்போற?”

எத்தனை ஏச்சைத் தாங்கியவள்! இந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. வெளியே போய்த் தெருக்குழாயடியில் நின்றுவிட்டாள். மகள் கூப்பிட்டும் வரவில்லை. பொழுது சாயத் தொடங்கியது.

பிறகு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவரைப் புரட்ட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. தோளுக்கு அடியில் கைகொடுத்துக்கொண்டே சொன்னாள்:

“அண்ணி, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.”

நாத்தனார் ஓடிவந்து பிடித்தாள்.