மூக்கனின் மகன்

நிரோஜன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: “அப்பிடியே தேப்பனை உரிச்சு வைச்சிருக்கு.” வேறொரு தாய் என்றால் பூரித்துப் போயிருப்பாள். மீனம்மாவோ பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். தகப்பன் மூக்கன் அப்போது மாட்டுத் திருட்டில் இரண்டாந்தரம் சிறையில் இருந்தான். வெளியே வந்தவன் பிள்ளையை ஆசை தீரத் தூக்கிக் கொஞ்சவுமில்லை. காட்டோரம் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். வீட்டுக்கு அவன் விட்டுப்போனது ஒரு மண்வெட்டியும் கெட்ட பெயரும்தான்.

மீனம்மாவின் தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, கைக்குழந்தையான அவளையும் தூக்கிக்கொண்டு பூவரசங்குளத்துப் பக்கம் வந்தவர்கள். காடு வெட்டினார்கள், பிறத்தியாரின் வயலில் கூலி செய்தார்கள். இத்தனை காலம் ஆகியும் அந்தக் குடியிருப்புக்காரர் ஊருக்கு ‘மலைநாட்டு ஆக்கள்’தான். ஊரில் ஒரு சாமான் காணாமற் போனால், சாமானைத் தேட முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவர் ரத்தம் என்பார், ஒருவர் கிரகம் என்பார். கொஞ்சம் படித்தவர் வறுமை என்பார், அதைவிடக் கூடப் படித்தவர் சேர்க்கை சரியில்லை என்பார். இவ்வளவு காரணம் தெரிந்த ஊரில் களவு மட்டும் குறைந்தபாடில்லை.

மீனம்மாவும் ரத்தத்தைத்தான் நம்பினாள். அதுதான் இந்தக் கதையின் துயரம். கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு அவனை வளர்த்தாள். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் பையைக் கொட்டிப் பார்ப்பாள். ஒரு தரம் புதுக் கலர்ப் பென்சில் பெட்டியொன்று விழுந்தது. விளக்குமாற்றால் அடித்து, பெட்டியும் கையுமாக அவனைப் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். “ஓட்டத்தில முதலாவதா வந்தவன், நான்தான் குடுத்தனான்” என்றார் ரீச்சர். தாய் அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு. மறுநாளும் பையைக் கொட்டித்தான் பார்த்தாள்.

இருபது வயதில் நிரோஜன் தாயோடு யோகநாதனின் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். யோகநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். வயலும் மிளகாய்த் தோட்டமும் உள்ள மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருடைய தண்ணீர் இறைக்கும் மிசின் ஒருநாள் காணாமற் போயிற்று. பொலிசுக்குப் போக முன் அவர் ஊர் வழக்கப்படி ஒன்று சொன்னார்: “தோட்டத்தில நிண்ட எல்லாரும் அம்மன் கோயிலில கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. பிறகு நான் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கமாட்டன்.”

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் ஆண்டு திரும்ப இருக்கமாட்டான் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. களை பிடுங்கும் பெண்கள் ஒவ்வொருவராக அடித்துவிட்டு நகர்ந்தார்கள். மீனம்மாவும் அடித்தாள். நிரோஜன் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய்க் கையை ஓங்கினான்.

மீனம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்டா சாமி! வேணாம்டா!” என்று தன் தாயின் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் கத்தினாள். பிறகு யோகநாதனின் பக்கம் திரும்பி, “ஐயா, சின்னப் பொடியன் ஐயா. எங்க வைச்சானெண்டு நான் கேட்டு வாங்கித் தாறன். சத்தியம் மட்டும் வேண்டாம். எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்” என்று அழுதாள்.

“நான் எடுக்கேல்லையம்மா” என்று அவன் முதல் நாளே சொன்னது அவளுக்குக் கேட்காமல் இல்லை. மூக்கனும் ஒவ்வொரு தரமும் அப்படித்தான் சொன்னான். பிள்ளை கள்ளனாக இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள் அந்தப் பாவி. நிரோஜன் தாயை ஒரு தரம் பார்த்தான். ஓங்கிய கையைக் கீழே போட்டான். பிறகு யோகநாதன் பொலிசுக்குச் சொல்ல, அவன் தானே போய் ஜீப்பில் ஏறினான்.

அவன் விசாரணை முடியும்வரை விளக்கமறியல் சிறையில் இருக்கும்போதே மிசின் அகப்பட்டது. யோகநாதனின் தங்கை மகன் யதுர்ஷன்தான் ஓமந்தையில் கொண்டுபோய் விற்றிருந்தான். யோகநாதன் தானே வந்து மீனம்மாவிடம் சொன்னார். “என்ன செய்யிறது மீனம்மா, ஐஸ் போதைப் பழக்கமாம். கூடாத சேர்க்கை. நல்ல குடும்பத்துப் பிள்ளை, வருத்தக்காரன் மாதிரித்தான் பாக்கவேணும்.” யதுர்ஷனை வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். அவனுடைய ரத்தத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நிரோஜன் வீட்டுக்கு வந்தான். மீனம்மா கோழி அடித்துச் சமைத்தாள். பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், இன்னொரு துண்டு இறைச்சியை அவன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். ஊரில் ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. மிசின் அகப்பட்டது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் பெற்ற தாயே கையைப் பிடித்தாள் என்றால் வேறு ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கூப்பிட்டவர்கள் மறியலில் பழகியவர்கள்தான். அவர்களோடு போய் ஓமந்தையில் ஒரு கடையை உடைத்தான். இந்தத் தரம் உண்மையாகவே எடுத்தான், கையும் களவுமாகப் பிடிபட்டான், எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டான்.

அவனுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பேச வந்த சட்டத்தரணி அருந்ததி வயதில் இளையவர். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்று ஒரு பாடமே படித்தவர். பிறவியிலேயே உண்டு என்றவர்கள், வறுமை என்றவர்கள், கள்ளன் கள்ளன் என்று சொல்லிச் சொல்லியே ஒருவனைக் கள்ளனாக்கிவிடுவார்கள் என்றவர்கள், எல்லோரையும் அவருக்குத் தெரியும்.

“யுத்தத்தில ஏதும் இழப்பு இருக்கோ அம்மா? முகாமில இருந்தனீங்களோ?”

“இல்லை மிஸ். நாங்கள் இந்தப் பக்கம்தான்.”

“அப்ப தேப்பன்ரை கதையைத்தான் சொல்லவேணும். நீதவான் உங்களைக் கேப்பார். தேப்பன் கள்ளன், அந்த வழியிலதான் பிள்ளையும் இப்பிடி வந்தது எண்டு சொல்லுங்கோ. இரக்கப்பட்டு ஒத்திவைச்ச தண்டனையோட வீட்டுக்கு விட்டாலும் விடுவார்.”

மீனம்மா அன்றிரவு முழுக்க அதை வாய்க்குள் சொல்லிப் பழகினாள். பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு எதையும் சொல்வாள்.

நீதவான் கேட்டார். மீனம்மா கூண்டுக்குள் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாய் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தவன் போலத்தான் நின்றான்.

“தேப்பன் கள்ளன்தான் ஐயா. ஆனா இவன் அப்பிடியில்லை” என்றாள். அருந்ததி திடுக்கிட்டுத் திரும்பினார். “ஓட்டத்தில முதலாவதா வந்த பிள்ளை. எடுக்காத சாமானை எடுத்தானெண்டு ஊருக்கு முன்னால சொன்னது நான். அதுக்கு முந்தி இவன் ஒருத்தற்றை ஈர்க்கிலைக்கூடத் தொட்டதில்லை. என்ரை பிள்ளை நல்ல பிள்ளை ஐயா.”

எந்தத் தாயும் சொல்வதைத்தான் அவளும் சொன்னதாக நீதவானுக்குப் பட்டிருக்கும். இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்புச் சொன்னார்.

சிறைச்சாலை பஸ்ஸுக்குக் கொண்டுபோகிற வழியில் மீனம்மா ஓடிப்போய் மகனின் பக்கத்தில் நின்றாள். விலங்கு போட்ட கையைத் தொட்டாள். காவலர் விலகச் சொன்னார். நிரோஜன் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளையில் பேசின குரலில் மெல்லச் சொன்னான்:

“அண்டைக்கு இதைச் சொல்லியிருக்கலாமேயம்மா. அண்டைக்கு நான் எடுக்கேல்லை.”