பொம்மை முயல் ஓட்டியவரின் வீட்டில் ஒரு பூனை

மாலக்கி டூஹி என் பக்கத்து வீட்டுக்காரர். டிப்பரரியில் எங்கள் ஊர் நாய்ப்பந்தய மைதானத்தில் இருபத்து நான்கு வருடம் பொம்மை முயல் ஓட்டினார். ஓடுதடத்தின் ஓரமாக ஒரு தண்டவாளம். அதன்மேல் மோட்டாரில் ஓடும் துணி முயல். உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து கைப்பிடியை நகர்த்தி, முதலில் வரும் நாய்க்கும் முயலுக்கும் நடுவே பன்னிரண்டு கஜம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. தூரம் கூடினால் நாய்க்கு நம்பிக்கை போய்விடும். குறைந்தால் முயலைப் பிடித்துவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் டோனலும் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் இருவரும் சேர்ந்தே வயதானார்கள். டோனல் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்கு அவர்களுக்குள் பத்து வார்த்தை நடந்தால் அதிகம். அதிலும் மூன்று, "டீ வேணுமா?" "போடு." டோனல் பேசியதெல்லாம் பூனையோடுதான். கறுப்புக் கடுவன், கழுத்தில் மட்டும் பாதிரியார் உடுப்பில் இருப்பதுபோல் வெள்ளைப் பட்டை. அதனால் பிஷப் என்று பெயர் வைத்திருந்தார்.

போன நவம்பரில், கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த டோனல் அப்படியே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருமுன்பே முடிந்துவிட்டது. முன்னறையில் உடலைக் கிடத்தியிருந்தபோது ஊரே வந்து மாலக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிற்று. முந்நூறு பேர் இருக்கும். அவர் கை வீங்கிவிட்டது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "பெர்னி, சாண்ட்விச் எல்லாருக்கும் வருமா?"

"வரும்ப்பா, நீ உட்காரு."

உட்கார்ந்தார். அடுத்த வியாழக்கிழமை கண்ணாடி அறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பந்தயத்தின் பாதியில் முயல் மெதுவாகி நின்றது. ஆறு நாயும் அதன்மேல் பாய்ந்து துணியைக் கிழித்துப்போட்டன. ஜனங்கள் கத்தினார்கள். பந்தயம் செல்லாது என்று அறிவித்துவிட்டு மேலாளர் மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், மாலக்கி கைப்பிடியில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார். மயக்கமும் இல்லை, தூக்கமும் இல்லை. "கைப்பிடிய நகத்த மறந்துட்டேன்" என்றாராம். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், என் சமையலறை ஜன்னல் அவர் சமையலறையைப் பார்த்தது. ஒன்றும் செய்யவில்லை. டோனலின் மாடி அறையில் கிடந்த பூனைக்குக் காலையும் மாலையும் தட்டை வைத்துவிட்டு இறங்குவார். மற்ற நேரமெல்லாம் நாற்காலி.

அப்போதுதான் ஃபிடெல்மா அவருக்கு ஃபோன் செய்தாள். பந்தயத்துக்கு ஆகாதென்று கைவிடப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களை எடுத்து வீடு தேடிக் கொடுப்பவள். பந்தய மைதானத்து ஆட்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. ஆனால் அன்றைக்கு அவள் கொட்டிலில் இடமில்லை. சாலையோரத்தில் ஒரு பெட்டை நாய் கிடைத்திருந்தது. அடையாள எண் பச்சை குத்தியிருக்கும் காதுகளை, யாருடைய நாய் என்று தெரியாமல் இருக்க, யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். "ரெண்டே வாரம், மாலக்கி" என்று கேட்டிருக்கிறாள். இவர் சரி என்றார். ஏன் சரி என்றாய் என்று பின்னால் கேட்டேன். "வேண்டாம்னா காரணம் சொல்லணும்" என்றார்.

நாயோடு ஃபிடெல்மா வந்திறங்கினாள். சாம்பல் நிறம், நெஞ்செலும்பு தெரிய ஒல்லி, காதில் ஆறிய தழும்பு. டெஸ் என்று பெயர் வைத்திருந்தாள். வாசலில் நின்று மேலே பார்த்த ஃபிடெல்மாவின் முகம் மாறியது. மாடிப்படியில் பிஷப் உட்கார்ந்திருந்தது.

"பூனை இருக்குன்னு சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கலையே."

"அட மனுஷா! பொறந்ததுலேர்ந்து ஓடுறதத் தொரத்தப் பழக்கின நாய் இது. நீயே எத்தன நாயத் தொரத்த விட்டிருப்ப?"

"வாரத்துக்கு அறுபது, எழுபது" என்றார் மாலக்கி. கணக்குக் கேட்டதாக நினைத்துக்கொண்டார்.

வேறு போக்கிடம் இல்லாததால் ஃபிடெல்மா விதிகளைச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் இரண்டு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. நாய் படுத்த துணியைப் பூனையிடமும் பூனையின் துணியை நாயிடமும் போட வேண்டும், வாசனை பழகட்டும். பிறகு மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. பிறகு குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு. கடைசியாகத்தான் ஒரே அறை, அதுவும் நாயின் வாயில் கடிக்காதபடி மாட்டும் கூடையும் கழுத்தில் வாரும் இருந்தால் மட்டும். பூனைக்கு எப்போதும் ஏறிக்கொள்ள உயரமான இடம் வேண்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டுத் தானாக முகத்தைத் திருப்பினால், அந்த நொடியே ஒரு துண்டுக் கோழி.

மாலக்கி அதை அப்படியே செய்தார். ஆசையாக என்று சொல்ல மாட்டேன், மழை பெய்கிற மாதிரி செய்தார். டெஸ்ஸுக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டது. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றினால் ஒன்றுக்குப் போயிற்று. மாடிப்படியில் கால் வைக்கத் தெரியவில்லை. அது ஒருவகையில் பிஷப்புக்கு வசதி, மாடி முழுக்க அதன் மறைமாவட்டம். இரண்டு வாரம் முடிந்து போயிற்று. ஃபிடெல்மாவும் திரும்பக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை.

தடுப்புக் கதவுக் காலத்தில் நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். நடையில் ஒரு நாற்காலி. மணிக்கட்டில் வாரைச் சுற்றிக்கொண்டு மாலக்கி. சட்டைப் பையில் வேகவைத்த கோழி. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாம் படியில் பிஷப். டெஸ்ஸின் அறுந்த காதுகள் நிமிர்வதற்கு ஒரு கணம் முன்பே அவர் வாரை லேசாக அசைப்பார். நாய் அவரைத் திரும்பிப் பார்க்கும். கோழி கிடைக்கும்.

"எப்படிப்பா உனக்கு முன்னாடியே தெரியுது?"

"பாயறதுக்கு முன்னாடி மூச்ச நிறுத்தும். மேலேர்ந்து பாக்கறப்பவே தெரியும். இங்க பக்கத்துல இருக்கு."

தெருவில் எல்லாரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. பொறுமைசாலிக்கு உள்ளே ஏதாவது பொங்கும், அதை அமுக்குவான். இவருக்குள் அமுக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மிருகங்களுக்கு அது பிடித்திருந்தது போல. மூன்று மணி நேரம் அசையாத மனிதனை அவை எங்கே பார்த்திருக்கும்!

ஆறாவது வாரம் நான்தான் கெடுத்தேன். சூடாக ஆப்பிள் பணியாரத்தட்டோடு பின்பக்கமாக வந்தவள், இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தடுப்புக் கதவை இடுப்பால் தள்ளிவிட்டு உள்ளே போனேன். கொக்கி விழவில்லை. பின்கதவும் திறந்தே கிடந்தது. பிஷப் என் காலுக்கு நடுவே புகுந்து முற்றத்துக்கு ஓடியது. ஓடுவதைக் கண்டதும் டெஸ் மாலக்கியின் கையிலிருந்து வாரைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. நாலே பாய்ச்சல். நிலக்கரித் தொட்டியோரம் பூனையை மோதி உருட்டிவிட்டது. வாயில் கூடை இல்லாவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும். பிஷப் நாயின் மூக்கைக் கிழித்துவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு சுவரேறி மறைந்தது.

நான் அழுதுகொண்டே நின்றேன். மாலக்கி நாயை உள்ளே கட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, தட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். "டீ போடவா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க அண்ணன் பூனைப்பா அது! உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. "தோணணும்னு தெரியுது பெர்னி. டோனல் செத்ததுலேர்ந்து உக்காந்து பாக்கறேன். வரவே மாட்டேங்குது. பல்லு புடுங்கினப்புறம் கன்னம் மரத்துப்போயிருக்குமே, அதுமாதிரி."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மழையில் அவர் தெருவில் குனிந்து குனிந்து ஒவ்வொரு காருக்கு அடியிலும் பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது. நானும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று நாள் தேடினோம். மூன்றாம் நாள் மத்தியானம் அடுத்த தெருவில் ஒரு எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் இரண்டு கண் மின்னியது. மாலக்கி சேற்றில் குப்புறப் படுத்துக் கையை விட்டு இழுத்தார். முழங்கை வரைக்கும் கீறல். கால்நடை மருத்துவர் எலும்பு முறியவில்லை என்றார், ஆனால் வயது பதின்மூன்று, நொண்டல் முழுசாகப் போகாது என்றும் சொன்னார்.

ஃபிடெல்மா அன்று மாலையே வண்டியோடு வந்தாள். "தப்பு என்மேலதான். நாயைக் குடு, கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"எங்கயாவது."

"இருக்கட்டும். முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கறேன்" என்றார் மாலக்கி.

நிஜமாகவே முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். கதவுகளை மூடினார். துணிகளை மாற்றிப் போட்டார். கதவுக்கு இருபுறமும் தட்டு. இந்த முறை அந்தக் கொக்கியை நான் மட்டும் தொடக் கூடாது என்று ஒரு விதி கூடியது. அதை அவர் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் மூன்றும் ஒரே அறையில் உட்கார்ந்தன. மாலக்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிஷப் அலமாரியின் மேலே, டெஸ் சோபாவில். பூனை இறங்கி நொண்டி நொண்டி நடந்தால், நாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பெருமூச்சு விடும். ஒரே தெருவில் குடியிருக்கும் பழைய பகையாளிகள் மாதாகோவில் வாசலில் ஒதுங்கிக்கொள்வார்களே, அப்படி. அதற்குமேல் பாசம் எதுவும் வரவில்லை. ஜூனில் வாய்க்கூடையைக் கழற்றினார்.

அந்த மாதமே மைதானத்து மேலாளர் கூப்பிட்டார், உடம்பு தேவலை என்றால் வேலைக்கு வரலாம் என்று. நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

"வர முடியாது. இதுங்க ரெண்டையும் தனியா விட முடியாது" என்றார் மாலக்கி.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "நாய்க்கும் பூனைக்கும் காவலாடா நீ?"

"ஆமா."

அதோடு அந்த வேலை போயிற்று. இப்போது வாரத்தில் நாலு காலை, ஃபிடெல்மாவின் கொட்டிலில் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறார். அந்த நேரம் பூனை மாடியில், நாய் கீழே, நடுவே பூட்டிய கதவு.

இந்த நவம்பரில் டோனலின் முதலாண்டுப் பூசை. புதிதாக வந்த இளம் பாதிரியார், ஜெபத்தில் "நம் சகோதரர் டேனியல்" என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பக்கத்தில் மாலக்கியின் கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் நேரே பாதிரியாரிடம் போனார். என்ன பேசினார் என்று என் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "டோனல்னு சொல்லத் தெரியாதா ஒரு ஆளுக்கு? காகிதத்துல எழுதிக் குடுத்தேன் பெர்னி. பெரிசு பெரிசா எழுதிக் குடுத்தேன்."

"புது ஆளுப்பா, விடு."

"எதுக்கு விடணும்? கோவம் வந்துச்சு எனக்கு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வந்துச்சு."

அப்புறம் தண்ணீர் கொதிக்க வைத்தார். பால் இல்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வாசல்வரை போய்விட்டு நான் தயங்கினேன். பிஷப் அலமாரியில், டெஸ் சோபாவில், இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை.

"இதுங்க?"

திரும்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

போக வர இருபது நிமிடம். வரும்போது அவர் கொஞ்சம் வேகமாக நடந்தார். உள்ளே பிஷப் சோபாவின் நடுவில் சுருண்டு படுத்திருந்தது. எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் டெஸ் அறையின் மத்தியில் நின்றுகொண்டிருந்தது.