நாக்குப் புரண்டு வந்த பனி

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. போகும், வரும், மறுபடி போகும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனாள். மழை விட்ட நேரம், எங்கள் மலையில் எந்த லயத்து வீட்டில்தான் காய்ச்சல் இல்லை? ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை இதே மாதிரி காய்ச்சலில் கிடந்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே உயிரை விட்டாள். அம்மாவும் அவளும் ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கிள்ளுகிறவர்கள். அந்தப் பயத்தில் ராத்திரி எழுந்து எழுந்து அம்மாவின் மூச்சைக் கேட்டேன்.

என் பெயர் முத்துமாரி. மாரியாத்தாள் பெயரைத்தான் வைத்தார்கள். அவளைக் கும்பிடுகிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பி.காம் முடித்து மூணாறில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் நிற்கிறேன். சொந்தமாக ஒரு தொழில் செய்ய ஆசை. விடியற்காலையில் டூரிஸ்டுகளைத் தேயிலைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் மூடுபனியைக் காட்டி, திரும்பும்போது லயத்தில் பால் விடாத கட்டன்சாயா கொடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் கனவு. பாலக்காட்டில், தொழில் தொடங்குகிற இளைஞர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். எனக்கும் இடம் கிடைத்தது. கிடைத்த நேரம் பார்த்து அம்மா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போகலைம்மா."

"ஏட்டி, காய்ச்சல்னா ஒலகத்துல இல்லாத நோவா? நான் என்ன செத்தா போவேன்? இந்தக் கொழுந்துக் கூடை என்னோட போவட்டும். நீ கெளம்பு."

இடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் படுத்தாள். என்னம்மா என்றேன். "படுதாக் கயிறு அறுத்த புண்ணு" என்றாள். ஈரம் படாமல் இருக்கக் கொழுந்து கிள்ளும் பெண்கள் இடுப்பில் படுதா கட்டுவார்கள். அந்தக் கயிறு அறுக்காத இடுப்பு எங்கள் லயத்தில் கிடையாது. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

போகிற வழியில் கோயில் வாசலில் நின்றேன். நடை சாத்தியிருந்தது. "ஆத்தா, எங்கம்மாவப் பாத்துக்கோ. என் நாக்குல வந்து உக்காந்துக்கோ. அங்க நான் பேசுதது உன் பேச்சா இருக்கணும்." இவ்வளவுதான் வேண்டினேன். உடுமலை, பொள்ளாச்சி சுற்றிப் பாலக்காடு போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஹாலில் எல்லோரும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டார்கள். நெட்வொர்க்கிங் என்றால் அதுதானாம். என்னிடம் கார்டு இல்லை. கார்டு நீட்டியவர்களும் என் கையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குத் துணை இருந்த செல்வியக்கா எடுத்தாள். "கஞ்சிகூட எறங்கலட்டி" என்றாள். அதைக் கேட்ட காதோடு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலைப் பற்றி மலையாளத்தில் பேச வேண்டும்.

மலையாளத்தில் மூடுபனிக்கு மஞ்ஞு என்று பெயர். அவர்கள் பேச்சில் பனி என்றால் காய்ச்சல். இரண்டும் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்து என்ன செய்ய? மைக்கைப் பிடித்ததும் நாக்குப் புரண்டது.

"ஞங்ஙளுடெ நாட்டில் எப்போழும் பனியாணு. எல்லாவரும் பனி காணான் வரணம்."

எங்கள் ஊரில் எப்போதும் காய்ச்சல், எல்லோரும் காய்ச்சலைப் பார்க்க வாருங்கள்! ஹாலே குலுங்கியது. "பாரசிட்டமால் கொண்டு வரணோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மறுபடியும் சிரிப்பு. கண் முன்னால் போர்வையும் அதற்குள் அம்மாவும்தான் இருந்தார்கள். திருத்திச் சொல்லாமலே மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நின்று அழுதேன். ஆத்தாளைத் திட்டினேன். "நாக்குல உக்காருன்னுதான கும்பிட்டேன்? இப்படிச் சந்தி சிரிக்க வைக்கவா உக்காந்த? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" வாய்விட்டே கேட்டேன்.

பின்னாலேயே ஒரு அக்கா வந்தார். எல்லையோரத்துக் கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். பல வருஷம் நர்ஸாக இருந்தவர். வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் தொழில் தொடங்குவதற்காகப் பட்டறைக்கு வந்திருந்தார்.

"ஏங்கண்ணு, அல்லாரும் சிரிக்கையில உன்ற மூஞ்சி வெளுத்துப் போச்சு. வாய் தவறுனவ வெக்கப்படுவா. நீ பயந்துட்டே. ஊட்டுல ஆருக்காச்சும் நெசமாலுமே காச்சலா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தேயிலைக்குள்ள வேலை செய்யறவங்களா? ஒடம்பு மேல எங்கியாச்சும் கருப்பா பொருக்குக் கட்டுன புண்ணு இருக்குதா? பீடியில சுட்டாப்பல?"

"படுதாக் கயிறு அறுத்த புண்ணுதான்க்கா…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன்.

"போனப் போடு கண்ணு. இப்பவே பாக்கச் சொல்லு."

செல்வியக்கா சேலையை விலக்கிப் பார்த்தாள். "ஏட்டி மாரி, கருகுன மாதிரி இருக்கு. தொட்டா நோவலன்னு சொல்லுதா." அந்த அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "உடனே ஆசுபத்திரிக்குத் தூக்குங்க. அந்தப் புண்ண டாக்டருக்குக் காட்டாம வந்தராதீங்க" என்றார்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்தாள். முகம் வீங்கி, என்னை அடையாளம் தெரியாமல் முழித்தாள். கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார்கள். டாக்டர் வெளியே வந்து, "செள்ளுபனியாணு" என்றார். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருகிற காய்ச்சலாம். அந்தப் புண்ணைப் பார்த்ததும் மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். "இல்லெங்கில்…" என்று இழுத்தவர் முடிக்கவில்லை.

பனி! என்னைச் சந்தி சிரிக்க வைத்த அதே சொல். மஞ்ஞு என்று நான் சரியாகச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நாலு கார்டு கிடைத்திருக்கும். அம்மா செத்திருப்பாள். ஆத்தா என் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரித் தரையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

அம்மா பிழைத்தாள். ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. இடது காது அடைத்தே போய்விட்டது. கூடை தூக்கவும் தெம்பில்லை. பேச்சியம்மா அத்தை வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தவள், என்னைவிட ஆயிரம் மடங்கு கும்பிட்டவள். அவளுக்காக ஏன் ஒருவர் வாயும் தவறவில்லை? ஆத்தாளிடம் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தை வீட்டு வாசலைத் தாண்டும்போது என் நன்றியை நான் மனசுக்குள்தான் சொல்கிறேன்.

தொழில் இன்னும் தொடங்கவில்லை. அந்தப் பட்டறையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கார்டு, அந்த அக்காவுடையது. ஆத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் லயத்துப் பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். இப்போது யாரும் கயிற்றுப் புண் என்று சும்மா விடுவதில்லை. படுதாவை அவிழ்த்ததும் ஒருத்தி இடுப்பை இன்னொருத்தி பார்க்கிறாள்.

நீங்களும் வேண்டுங்கள். வேண்டியது கோணலாக வந்து நின்றால் என்னைப் போலத் திட்டுங்கள், அவள் தாங்குவாள். அவள் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காலையில் கதவைத் திறந்ததும் அம்மா, "ஏட்டி, என்ன பனி!" என்பாள். என் கை தானாக அவள் நெற்றிக்குப் போகும். "வெளிய பாருட்டி, கூறுகெட்டவளே! என் நெத்தியிலயா பனி பெய்யுது?" என்று தட்டிவிடுவாள். நெற்றி குளிர்ந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.