நொரீன் வாலாக இல்லாத ஞாயிறு

நொரீன் பாஸ்கோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாரம் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பின்னாலிருந்து வரும் கூச்சலைக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மலைச்சைக்கிள் ஓட்டுகிறார். முன்னாலிருந்து வரும் கூச்சலைக் கேட்கிறார். எது மோசம் என்று கேட்டால், "பிள்ளைங்களாவது பன்னெண்டு வயசுல திருந்திடுதுங்க" என்பார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

டெஸ் எப்போதும் முன்னால் போவார். நொரீன் கடைசி. அவர்தான் எங்கள் வால். பாதை பிரியும் இடத்தில் டெஸ்ஸுக்கு அடுத்து வருபவர் நின்று வழிகாட்ட வேண்டும். வால் கடந்து போகும்வரை நகரக் கூடாது. முக்கில் யாரும் நிற்கவில்லை என்றால் நேராகப் போக வேண்டும். சிவப்பு மண்ணும் முள்புல்லும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. இந்த ஏற்பாட்டில் ஒன்பது வருடமாக யாரும் தொலைந்ததில்லை. நெருஞ்சி குத்திய டயருக்கு டியூப், கெண்டைக்கால் பிடித்தவருக்கு உப்புத் தண்ணீர், புலம்புகிறவருக்குத் திட்டு, எல்லாம் நொரீனின் முதுகுப்பையில் இருக்கும்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, அவர் மகன் ரோரி டார்வினிலிருந்து அடிலெய்டு போகும் வழியில் எங்கள் ஊரில் விமானம் மாறினான். பத்து மணிக்கு வந்து பதினொன்று நாற்பதுக்குக் கிளம்புகிறான். ஈஸ்டருக்குப் பிறகு அவர் அவனைப் பார்க்கவில்லை. கப்பல் வேலை; கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டான்.

காலை ஆறரைக்கே நொரீன் அறிவித்துவிட்டார். "இன்னிக்கு நான் வால் இல்ல. க்ளைவ்தான் வால். ஒன்பதரைக்கு நான் காருல இருக்கணும். எல்லார் காதுலயும் விழுந்துச்சா?"

"வால் இல்லாம குரங்கு எப்படி ஓடும்?" என்றார் டெஸ்.

"தலை இல்லாமலே ஒன்பது வருஷம் ஓடுச்சே."

அன்று பதினோரு பேர். மெல்போர்னிலிருந்து புதிதாக வந்த ஜோடி ஒன்று, டயரில் குத்திய முள்ளை ஆளுக்கொன்றாகப் பிடுங்கி எறிந்தது. பிடுங்காமல் விட்டால் டயருக்குள் ஊற்றியிருக்கும் பசைப்பால் ஓட்டையை அடைக்கும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தோம். அதில் இருபது நிமிடம் போனது. டெஸ் "இன்னும் ஒரே ஒரு ஏத்தம்" என்று மூன்று முறை சொன்னார். நொரீன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாவது முக்கில் நின்றவன் நான். ஐந்து பேர் போனார்கள். பிறகு நொரீன் வந்து கையசைத்துப் போனார். நான் சைக்கிளில் ஏறி அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டேன்.

ஒன்பது இருபதுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் எட்டு சைக்கிள்கள்தான் இருந்தன.

"க்ளைவ் எங்கே? அந்த மெல்போர்ன் ஜோடி எங்கே?" என்றார் நொரீன். என்னைப் பார்த்தார். "மூணாவது முக்குல நின்னது நீதானே? யார் வர்ற வரைக்கும் நின்னே?"

"நீ வர்ற வரைக்கும்."

"நான் இன்னிக்கு வாலா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா கிளம்பினே?"

"நீ போனியே, அதனால..."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"நீ ஏர்போர்ட்டுக்குப் போ, நான் தேடறேன்" என்றார் டெஸ்.

"உன்னை அனுப்பினா உன்னைத் தேட இன்னொருத்தன் வேணும். அந்த மெல்போர்ன் பொண்ணுகிட்ட அரை பாட்டில் தண்ணிகூட இல்ல. வேலியோரக் குறுக்குவழி உனக்குத் தெரியுமா?"

டெஸ்ஸுக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. கைபேசிக்கு அங்கே சிக்னலும் கிடையாது. நொரீன் கிளம்பினார், நான் பின்னால் போனேன். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை, வேலிக் கம்பங்களோடுதான் பேசினார். எல்லாம் என்னைப் பற்றித்தான்.

வறண்ட ஓடை மணலில், வெள்ளை மரத்தடி நிழலில் மூவரும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"முக்குல ஆள் இல்ல, அதான் நேரா வந்துட்டோம்" என்றார் க்ளைவ். "தப்பு வழின்னு தெரிஞ்சுது. சரி, வால் வர்ற வரைக்கும் நிழல்ல உக்காரலாம்னு..."

"நீதான்டா வால்!"

மரத்திலிருந்து கிளிகள் பறந்தன.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நான்தான் விமான நிலையத்துக்கு ஓட்டினேன். உள்ளே ஓடியபோது வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ரோரி கடைசியில், எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு நின்றிருந்தான். நொரீன் கட்டிக்கொண்டதில் அவன் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? இதோ நிக்கிறானே, இவன் முக்குல..."

கிடைத்தது நான்கு நிமிடம். முதல் நிமிடம் எனக்கு, அடுத்தது டெஸ்ஸுக்கு, மிச்சமெல்லாம் க்ளைவுக்கு. ரோரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். கடைசி அழைப்பு வந்தது. அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டு உள்ளே போய்விட்டான்.

நொரீன் அப்படியே நின்றார். "ஐயோ. சாப்பிட்டியான்னுகூட நான் கேக்கலையே."

கண்ணாடிச் சுவருக்கு ஓடினார். வெயிலில் விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான் மகன். அவர் கண்ணாடியைத் தட்டினார். அவன் திரும்பியதும் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். அவன் பெரிதாகக் கையாட்டினான்.

"கையாட்டறான் பாரு" என்றார் நொரீன். "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாது, ஒருத்தனுக்கும்."