கார்டு பெட்டியில் ஒரு கோழி

என்னைக் குழுவிலிருந்து நீக்கப்போகும் செய்தியை என் கணவருக்குத்தான் போன் செய்து சொன்னார்கள். எனக்கு இல்லை. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று ஆனி மாதம் முழுக்கக் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. தேதியும் எழுதப்போவதில்லை, அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. எங்கள் குழுவில் தேதிக்கு என்னைத்தான் கேட்பார்கள். குழு என்றால் வாட்ஸப் குழு. பழைய காமிக்ஸ் புத்தகங்கள் மேல் பைத்தியமாக இருப்பவர்களுடையது. மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையில் வந்த அந்தப் புத்தகங்கள் பலவற்றில் மாதமோ வருடமோ இருக்காது. அட்டை கிழிந்திருந்தால் அதுவும் போச்சு. வாசகர் கடிதத்தில் யாராவது முழுப் பரீட்சையைப் பற்றிப் புலம்பியிருப்பார், பின்னட்டையில் தீபாவளிப் பட்டாசு விளம்பரம் இருக்கும், அடுத்த இதழ் கோடை மலர் என்று ஒரு மூலையில் போட்டிருக்கும். அவற்றை வைத்து இது இந்த வருடம் இந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தக் கதையில் தேதியைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் சேர்ந்தேன். சிப்காட் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட். ப்யூஸ் கட்டைகளும் பீங்கான் பொம்மைகளும் செய்கிறோம். அப்போது சூளை எரியவில்லை, கணவர் வீட்டில் உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த காமிக்ஸ்களை வெயிலில் காயவைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். மறுநாளே ஒருவர் லிங்க் அனுப்பினார். உள்ளே போனால், இத்தனை வருடமாக நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பைத்தியம் ஊர் ஊராக இருந்தது.

அங்கே யாருக்கும் பேர் கிடையாது. ஊர்தான் பேர். திட்டக்குடி என்றால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மங்கலம்பேட்டை என்றால் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒரு பையன். அவன் ரூமில் தமிழ் பேச ஆள் கிடையாது. அட்மின் சென்னைக்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி. நான் விருத்தாசலம். எல்லாரும் என்னை "விருத்தாசலம் சார்" என்றார்கள். நான் ஆண் என்று நான் சொல்லவில்லை. பெண் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒரு சட்டைப் பித்தான் விளம்பரத்தை வைத்து மாதம் கண்டுபிடிப்பவளிடம் அதையெல்லாம் கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அந்த நாட்கள் நன்றாக இருந்தன. மங்கலம்பேட்டைக்காரனும் நானும் அட்டை ஓவியம் ஒன்றுக்காக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். "யோவ் விருத்தாசலம், கண்ணாடி போட்டுப் பாருய்யா" என்று எழுதுவான். "போய்யா, ஏசியில உக்காந்து மூளை ஒறஞ்சு போச்சு ஒனக்கு" என்று நான் எழுதுவேன்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில், நாமே ஒரு காமிக்ஸ் வரைந்தால் என்ன என்று அட்மின் கேட்டார். ஆளுக்கு ஒரு பக்கம். முந்தினவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். விதி ஒன்றே ஒன்று, அதை எழுதியதும் அவர்தான்: ஒருவர் கொண்டுவந்த பாத்திரத்தை இன்னொருவர் கொல்லக் கூடாது. கடைசியில் புத்தகமாக அச்சடிப்போம், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் வரைந்தவர் பெயர் இருக்கும் என்றார்.

கதை, வழி தவறிப்போன ஒரு கூட்ஸ் வண்டி. எந்த ஸ்டேஷன் கணக்கிலும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். என் முறை வந்தபோது கடைசிப் பெட்டியில், வண்டிக்குக் கொடி காட்டும் கார்டு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துணையாக ஒரு கோழியை ஏற்றிவிட்டேன். எங்கள் ஜங்ஷனில் நின்றிருந்த கூட்ஸ் ஒன்றில் நிஜமாகவே அப்படி ஒரு கோழியைப் பார்த்திருக்கிறேன். எப்படி ஏறியது என்று அந்த கார்டுக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் கோழியைப் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்து வரைந்தவர்கள் அதற்கு வேலை கொடுத்தார்கள். திருடன் ஒளிந்திருந்த பெட்டியைக் கண்டுபிடித்தது கோழிதான். முறை சுற்றி மறுபடி என்னிடம் வந்ததால் அந்தப் பக்கமும் நான் வரைந்தது.

தை மாதம், பொங்கல் முடிந்து, எல்லாரும் நேரில் சந்திக்கலாம் என்று முடிவாயிற்று. எந்தப் பக்கத்திலிருந்தும் ரயில் வருகிறது என்பதால் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டல் மாடி. ஆளுக்கு ஒரு பீங்கான் கோழி ஷெட்டில் செய்து வாங்கினேன். மோல்டுக்கு மாதிரியை நானே பிசைந்தேன். கொண்டை மட்டும் மூன்று முறை உடைந்தது. ஷெட்டின் பேரும் நம்பரும் ஒட்டிய அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கித் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

வாசலில் அட்மின். "வாங்கம்மா, யாரப் பாக்கணும்? இங்க ஒரு நிகழ்ச்சி நடக்குது."

"விருத்தாசலம்" என்றேன்.

"சார் இன்னும் வரலைங்களே. நீங்க அவரு வீட்டுலேருந்து வர்றீங்களா?"

"நாந்தாங்க விருத்தாசலம்."

அவர் முகத்தில் வந்ததை இப்போதும் என்னால் வரைய முடியும். மேசைமேல் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து, வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மங்கலம்பேட்டை மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்காவா நீங்க! ஐயையோ, போன மாசம்கூட யோவ்னேனே!"

"சொன்னே. நானுந்தான் போய்யான்னேன்."

மற்றவர்கள் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். ஃபேனுக்குக் கீழே எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். டிபன் சாப்பிட்டீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கையில் அட்டையில்லாத புத்தகங்களோடு வந்தவர்கள் அவற்றைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று ஒருவரும் என்னிடம் தேதி கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கோழிகளை வாங்கிக்கொண்டார்கள்.

மாசி மகக் கூட்டம் வடிந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கணவரின் ஷெட் நம்பருக்குப் போன் வந்தது. கை சோற்றில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அட்மின் குரல்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்டம்மா எங்க குழுவுல இருக்காங்க."

"என்ன குழு? சீட்டா?"

"காமிக்ஸ் சார். எல்லாரும் ஆம்பளைங்க. முன்ன பின்ன ஏதாவது பேசிக்குவோம். நாளைக்கு உங்களுக்கு ஒரு சங்கடம் வந்துடக் கூடாதில்ல? அதனால அவங்கள எடுத்துடலாம்னு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"எனக்கு அந்தப் பொஸ்தகத்துல எந்தக் கட்டத்த மொதல்ல படிக்கணும்னே தெரியாதுங்க. எங்கிட்ட எதுக்கு? இதோ ரசம் ஊத்திக்கிட்டுதான் இருக்காங்க, குடுக்கவா?"

"வேணாம் சார், வேணாம். நீங்க இருங்க." துண்டித்துவிட்டார்.

நான் கரண்டியோடு நின்றேன். கோழி வைத்துக் கொடுத்த பெட்டியில் ஒட்டியிருந்த நம்பர் அது. என் நம்பர் ஊரடங்கிலிருந்து அவரிடம் இருக்கிறது. பரிசு வந்த பெட்டியைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பரைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். சாயங்காலம் நீக்கிவிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவர் சொன்னது: "வுடு. மனுஷன் நல்ல விதமாத்தான் பேசினாரு."

"நல்ல விதமாவா? உங்க வியாபாரி சங்கத்துலேருந்து எனக்குப் போன் பண்ணி, உங்க வீட்டுக்காரர எடுத்துடறோம், சரிங்களான்னு கேட்டா?"

"என்ன யாரு எடுப்பா?"

அவருக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அன்று அவருக்கு மோர் ஊற்றாமல் எழுந்துவிட்டேன்.

பங்குனி தொடக்கத்தில் மங்கலம்பேட்டைத் தம்பி ஒரு படம் அனுப்பினான். கதையின் அடுத்த பக்கம், அட்மின் வரைந்தது. கார்டு கால் நீட்டி உட்கார்ந்து ஏப்பம் விடுகிறார். எதிரே இலையில் எலும்புகள். ஓரமாக ஒரு கொண்டை. கீழே குழுவின் சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. "பாய், மசாலா சரியா இருக்கா?" என்று ஒருவர் தம்பியைக் கேட்டிருந்தார். தம்பி எனக்கு எழுதியிருந்தது ஒரே வரி: "அக்கா, கோழியத் தின்னுட்டாங்க."

முதலில் சிரிப்புதான் வந்தது, மறைக்கவில்லை. அடுத்த நொடி போனைக் கவிழ்த்து வைத்தேன். கோழியைக் கொன்றதற்காக மட்டும் இல்லை. நான் உள்ளே இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை வரைந்திருக்க மாட்டார். ஆளை வெளியே தள்ளிவிட்டு, அவள் விட்டுப்போனதைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அட்மினை அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"சிஸ்டர், உங்க நல்லதுக்காகத்தான்."

"நான் சிஸ்டர் இல்ல. இத்தன வருஷம் சார்னீங்க. என்ன நல்லது, சொல்லுங்க."

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க இல்லையா?"

"யாராவது எங்கிட்டத் தப்பாப் பேசினாங்களா?"

"பேசல. பேசிட்டா?"

"பேசினா அவங்கள எடுங்க. என்ன எதுக்கு எடுத்தீங்க?"

என் பக்கங்களைக் கேட்டேன். கீழே என் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கங்களே இருக்கக் கூடாது. "அது குழுவோட சொத்தும்மா, எடுத்தா கதை நிக்காது. பேரு போட்டா நாளைக்கு வெளியில எல்லாரும் பாப்பாங்க, உங்களுக்குத்தான்..." என்றார். வைத்துவிட்டேன். இந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஊரடங்கில் ஒரு உறுப்பினரின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துக் கொடுத்தவர். அதை நினைத்தால் கோபம் குறைய வேண்டும். கூடுகிறது.

வைகாசியில், பக்ரீதுக்கு முன்னால், தம்பி லீவில் வந்தான். பேரீச்சம்பழமும் சோப்புமாக ஒரு பையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, மங்கலம்பேட்டையிலிருந்து பைக்கில் வீட்டுக்கு வந்தான். திரையில் பார்த்ததைவிட ஒல்லி. அவன் மனைவி என் புத்தக அலமாரியைப் பார்த்து, "இவருதான் இப்படின்னு நெனச்சேன், இங்கயும் அதே குப்பையா" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நானும் வெளிய வந்துர்றேன்க்கா. ஆனா ரூமுக்குத் திரும்பினா பேச யாரும் இல்ல. அந்தக் குழு இல்லேன்னா..."

"உன்ன யாரு வரச் சொன்னா? உள்ளயே இரு. இருந்துக்கிட்டுக் கேளு. விருத்தாசலத்தோட பக்கத்துல பேரு எங்கேன்னு எல்லாரும் பாக்கக் கேளு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் மனைவி, "எங்கிட்ட மட்டும் வாய் கிழியும், அங்க டைப் பண்ணக் கை வராதா?" என்றாள். அவன் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். கடைசியில் அனுப்பியது இதுதான்: "அக்காவை ஏன் எடுத்தீங்க? கோழியக் கொல்லக் கூடாதுங்கறது நீங்க போட்ட விதிதானே? அவங்க பக்கத்துல அவங்க பேரு இருக்குமா இருக்காதா?"

மூவரும் ஒரே போனைக் குனிந்து பார்த்தோம். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாகக் கோபம் வந்தது. இவர் புத்தகத்துக்கு நான் வருடம் சொன்னேன், அவர் வைத்திருந்த போலிப் பிரதியைக் கண்டுபிடித்தேன், இன்னொருவர் மகள் பரீட்சைக்குப் படிக்கக் குறிப்பு அனுப்பினேன். எல்லாரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு திட்டக்குடி வாத்தியார் எழுதினார்: "எனக்கும் இதே கேள்விதான். முதல் நாளே கேட்டிருக்கணும்." அவர் பின்னால் இன்னும் ஒருவர் எழுத ஆரம்பித்தது தெரிந்தது. அதற்குள் அட்மின் குழுவைப் பூட்டிவிட்டார். இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று வரி வந்தது.

"பாத்தியா, இப்ப எல்லாருமே வெளியத்தான்" என்றாள் தம்பியின் மனைவி.

பூட்டு ரொம்ப நாள் தாங்கவில்லை. வரைந்தவர்களில் பலர் அவரவர் பக்கங்களைத் திருப்பிக் கேட்டதாகத் தம்பி சொன்னான். ஆனி பாதியில் அட்மினிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. எலும்புப் பக்கத்தை எடுத்துவிட்டாராம். என் பெயரை முதல் பக்கத்தில் நன்றி என்று போடுகிறாராம். கீழே குழுவின் லிங்க்.

வரைந்தவளுக்கு எதற்கு நன்றி? என் பக்கங்களின் கீழே என் பெயரைப் போடுங்கள் என்று பதில் எழுதினேன். சரி என்று ஒரு வார்த்தை வந்தது. புத்தகம் இன்னும் வரவில்லை, வந்தால் பார்ப்பேன்.

லிங்கை இதுவரை அழுத்தவில்லை. வேலைக்குத் திரும்பிப் போய்விட்ட தம்பி அடிக்கடி கேட்கிறான்: "எப்பக்கா வருவீங்க? சண்டை போட ஆளில்லாம போரடிக்குது."

"என்ன ஏன் எடுத்தாருன்னு அவரு அங்க எல்லாருக்கும் தெரிய எழுதட்டும். எழுதின அன்னைக்கே வர்றேன்."

"அவரு எழுத மாட்டாருக்கா."

"தெரியும்" என்றேன்.