இட்லி மாவுக்கு ஒரு போர்டு

என் தங்கையின் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிடுங்கினார்கள் என்றுதான் நான் சொல்வேன். 'அகற்றினோம்' என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். முறத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகரம். நீலப் பெயின்ட் அடித்து, 'இட்லி தோசை மாவு கிடைக்கும்' என்று வெள்ளையில் எழுதி, கீழே எங்கள் சந்துப் பக்கம் காட்டி ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான். மண்ணூர்பேட்டை மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்து பிரிகிற முனையில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் அவர் சுவரில் ஆணி அடித்தோம். அது யார் வழியையும் மறிக்கவில்லை. அதைக் கழற்ற மாநகராட்சியிலிருந்து ஒரு லாரி, நாலு ஆள், ஒரு கடப்பாரை, மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி!

நான் வேலைக்குக் கிளம்பிய நேரம். பக்கத்துத் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எட்டரைக்கு உள்ளே போகாவிட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். போகட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

"சார், இன்னா பண்றீங்க?"

"ரெசிடென்ஷியல் சுவர் மேடம். இதுல வியாபார விளம்பரம் வைக்கக்கூடாது. லைசென்ஸ் இருக்கா?"

"மாவுக்கா?"

"போர்டுக்கு."

"கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க சார்."

அவர் தூக்கவில்லை. கடப்பாரை வைத்திருந்த ஆள் பார்த்தான், பார்த்துவிட்டுச் சிரித்தான். எங்கள் தலைக்கு மேலே, நடைபாதையைத் தோண்டி மூங்கில் நட்டு, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் பேனர். எங்கள் பகுதிப் பெரிய மனிதருக்குப் பிறந்தநாள். அவர் கையை நீட்டிக்கொண்டு நடந்து வருகிறார், பின்னால் சிங்கம் ஒன்று வாயைப் பிளக்கிறது, கீழே கூலிங்கிளாஸ் போட்ட முகங்கள் வரிசையாக. நடந்து போகிறவர்கள் எல்லாரும் அந்த மூங்கிலுக்காக ரோட்டில் இறங்கித்தான் போனார்கள்.

"அது வேற மேடம்" என்றார் அதிகாரி.

"இன்னா வேற?"

"அது விளம்பரம் இல்லை. வாழ்த்து."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். அதற்குள் என் தங்கை மாவுக் கையோடு ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். லாரி கிளம்பிப் போய்விட்டது.

என் கோபம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தோம். பதினோரு வருஷம் கழித்து மகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டால், "இனிமே அங்க போகலக்கா" என்பதோடு சரி. என் வீட்டிலேயே இருடி என்றேன். கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் போர்ஷன் காலியாக இருந்தது, அதைத் தனியாக வாடகைக்குப் பிடித்தாள். ஒரு பெரிய கிரைண்டரைத் தவணையில் வாங்கிப் போட்டாள். "மாவு வித்துப் போச்சின்னா நானும் எம் பொண்ணும் எங்க காலுல நிப்போம். போவலன்னா உன் சோத்துல ஒக்காந்து துன்னமாட்டேன். அதுக்கு அந்த ஊட்டுக்கே பூடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிற ஜாதி. அவள் புருஷனும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளைக்கு ஆடுவாள், பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

போர்டு போனால் என்ன, தெரிந்தவர்கள் வர மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் குடியிருந்தால் கேட்க மாட்டீர்கள். இது எஸ்டேட்டை நம்பி இருக்கிற இடம். இன்றைக்கு இந்தக் கம்பெனியில் ஆள் எடுப்பார்கள், நாலு குடும்பம் வரும். அடுத்த மாதம் வேலை நிற்கும், நாலு குடும்பம் போகும். ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிற பெண்களுக்கு அந்தத் தகரம்தான் கண்ணில் படும். சந்துக்குள் நாலு வீடு தள்ளி ஒரு கிரைண்டர் ஓடுகிறது என்று அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? மாவு என்ன புடவையா, இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு மடித்து வைக்க? சித்திரை வெயிலில் மதியத்துக்கே பொங்கிவிடும்.

மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டு, மூன்று மேஜையாக அலைந்தேன். இடத்தின் வரைபடம் வேண்டுமாம். சுவர்க்காரர் சம்மதம் வேண்டுமாம், சரி, நியாயம். போர்டு காற்றுக்குத் தாங்கும் என்று ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டுமாம்! அந்தத் தகரம் காற்றில் விழுந்தால் என்ன ஆகும்? கீழே கோழி மேய்ந்தால் கோழி பயப்படும். போன மழைக்கு இதே முனையில் ஒரு பேனர் மூங்கிலோடு சாய்ந்து ஷேர் ஆட்டோவின் கூரையைப் பிளந்தது. உள்ளே யாரும் இல்லாததால் பிழைத்தோம். அந்த மூங்கிலுக்கு எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்?

பேனருக்கும் போர்டுக்கும் லைசென்ஸ் கேட்கிற இந்தச் சட்டத்துக்கு நான் எதிரி இல்லை. பேனர் விழுந்து உயிர் போன ஊர் இது. சட்டம் வந்தபோது மனசாரச் சந்தோஷப்பட்டவள் நான். யாரைப் பிடிக்க வந்த சட்டம், யார் கழுத்தில் விழுந்திருக்கிறது பாருங்கள். அதுதான் வயிற்றெரிச்சல். கடைசி மேஜையில் இருந்த அம்மா கொஞ்சம் இரக்கமானவர். "அலையாதீங்கம்மா. எல்லாம் கொண்டாந்தாலும் குடியிருப்புச் சுவர்ல தர மாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார். முதல் மேஜையிலேயே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஊத்தப்பம்தான். அப்புறம் குணுக்கு. அப்புறம் அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்தோம். சும்மா கொடுத்தால் எத்தனை பேர்தான் வாங்குவார்கள்? ஒரு நாள் சாயங்காலம் முக்கால் வாளி மாவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புருஷனிடமிருந்து போன் வந்தது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. "இன்னா, மெஷின் நின்னுடுச்சாமே? எப்ப வர்றே?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் நான் போனபோது பரணிலிருந்து, வந்தபோது தூக்கி வந்த அந்தப் பையை இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வழி சொன்னது முனையில் ஆட்டோ போடுகிறவன். எங்கள் சந்துக்காரன்தான். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பேனர் கட்டுவதில் கில்லாடி. காது குத்தினால் பேனர், வயசுக்கு வந்தால் பேனர், செத்தால் கண்ணீர் அஞ்சலிப் பேனர். எதுவானாலும் கீழே இவர்கள் முகம் இருக்கும்.

"இன்னாக்கா நீ, விவரம் தெரியாம ஆபீசு ஆபீசா சுத்திக்கினு கீறே! போர்டு வெச்சா தூக்குவான். பேனர் வெச்சா எவன் தொடுவான்? தலைவருக்குப் பொறந்தநாள் இன்னும் ஓடிக்கினுதான் கீது. நம்ம தங்கச்சி வாழ்த்துற மாதிரி ஒண்ணு போட்டுடலாம். கீய மாவு மேட்டரை எயுதிடுவோம். சோலி முடிஞ்சிது."

"சீ, போடா! அந்த ஆளு யாருன்னே அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"நான் போட்டோ தரேன்" என்றாள் என் தங்கை.

அங்கேயே, கிரைண்டர் இருந்த அறையின் சுவரோரம் அவளை நிற்க வைத்து, "கையைக் கும்புடும்மா, இன்னும் கொஞ்சம் மேல, சிரி" என்று போனில் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பேனர் வந்தது. அதே முனையில், போர்டு இருந்த சுவருக்கு முன்னால் மூங்கில் நட்டார்கள். கட்டினார்கள். இறங்கி வந்து பெருமையாக நின்றார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். பெரிய மனிதர் இருந்தார். சிங்கம் இருந்தது. பயல்கள் ஒருத்தன் விடாமல் கூலிங்கிளாசோடு இருந்தார்கள். ஓரத்தில் என் தங்கை, ஓர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு, தலைக்கு மேல் 'உழைப்பின் சிகரம்' என்ற பட்டத்தோடு.

"டேய், மாவு எங்கடா?"

பயல்கள் அண்ணாந்தார்கள். ஒருத்தன் மூஞ்சியிலும் ஈயாடவில்லை.

"அய்யய்ய... மெயின் மேட்டரையே உட்டுட்டோமே மாமே!" என்று ஆட்டோக்காரன் தலையில் கை வைத்தான். எத்தனை வருஷப் பழக்கம்! பேனர் என்று உட்கார்ந்தால் அவர்கள் கைக்கு வருவது தலைவரும் தங்கள் முகமும்தான். எதற்காகப் போட்டோம் என்பது எவனுக்கும் நினைவில்லை. எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. என் தங்கைதான் முதலில் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு தனியாக ஒரு துண்டு அடித்து வந்து கீழே ஒட்டினார்கள். 'இட்லி தோசை மாவு கிடைக்கும்.' அம்புக்குறி போட இடம் இல்லை. தேவையும் இல்லை, பெரிய மனிதரின் நீட்டிய கை சரியாக எங்கள் சந்தைத்தான் காட்டியது.

மாவு போக ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் கும்பிடுகிற முகத்தைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, "நீங்கதானா அது?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். வாங்கும்போது கொஞ்சம் மரியாதை வேறு. பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போல. பரணிலிருந்து இறங்கிய பை பழையபடி மேலே ஏறியது.

ஒரு நாள் அதே லாரி வந்தது. அதே அதிகாரி. எதிர்வரிசையில் டியூஷன் எடுக்கிற பெண்ணின் கேட்டிலிருந்த அட்டையைக் கழற்றினார்கள். பஞ்சர் கடைக்காரரின் தகரத்தைக் கழற்றினார்கள். எங்கள் பேனருக்குக் கீழே, அதன் நிழலில்தான் லாரியை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இப்ப சரியா வெச்சிருக்கீங்க மேடம்" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போகிற போக்கில் லாரி டிரைவர் சந்துக்குள் வந்து அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு விஷயம். சுவரைக் கொடுத்தாரே முனை வீட்டு அம்மா, அவர் வீட்டு முன்னறை ஜன்னல் இப்போது பேனருக்குப் பின்னால் இருக்கிறது. பகலிலேயே லைட் போட்டுக்கொண்டுதான் அரிசி பொறுக்குகிறார். தகரத்துக்கு அவரிடம் அனுமதி கேட்டோம். பேனருக்கு யாரும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர் முகம் போட்ட பேனரை எடுக்கச் சொல்ல அவருக்கு என்ன, தலையில் இரண்டு கொம்பா இருக்கிறது? வழியில் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குத்தான் உடம்பு கூசுகிறது.

பிறந்தநாள் முடிந்து மாதம் ஆகிவிட்டது. பிளக்ஸ் வெளுத்துக் கிழிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறேன், என் தங்கை மாவை அள்ளிக் கவரில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, அவருக்குக் கல்யாண நாளு எப்பன்னு விசாரிச்சியா? இல்ல, அவங்க ஊட்ல யாருக்காவது ஏதாவது விசேஷம் வருதா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உனக்கு வெக்கமா இல்லையாடி? அந்த ஆளு உனக்கு மாமனா மச்சானா? மெயின் ரோட்ல, போறவன் வர்றவன் பார்க்க, முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையைக் கும்புட்டுக்கினு நிக்கிறே! கழட்டி எறி அதை. நாம மறுபடி ஆபீசுல எழுதிக் குடுப்போம். கோர்ட்டுக்குப் போவோம். எங்கேயாவது நியாயம் இல்லாமலா போயிடும்?"

அவள் கவரின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்க கும்புடுறது போட்டோக்கா. அந்த ஊட்ல நான் கும்புட்டேன். சோத்துத் தட்டுல கை வெக்கறதுக்கு முன்னாடி புருசன் கால்ல உயுவணும், அவங்க அம்மா கால்ல உயுவணும். எம் பொண்ணு பார்த்துக்கினே நிக்கும். பதினோரு வருஷம். நீ கோர்ட்டுக்குப் போய் நியாயம் வாங்கினு வா, வேணான்னு சொல்லல. அது வர்ற வரிக்கும் இது நிக்கட்டும்."

பதினோரு வருஷமும் பண்டிகைக்கு அவள் வீட்டுக்குப் போய், அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவள் நான். அவள் அடுத்த கவரை எடுத்தாள்.

பெரிய மனிதருக்குக் கல்யாண நாள் ஆவணியில் வந்தது. பயல்கள் புதுப் பேனரோடு வந்தார்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன்.