ஹென்றி வாங்கிய சிரிஞ்ச்

ஹென்றி வேலை செய்த கண்டி கராஜ் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. முதலாளி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஹென்றி கட்டாருக்குப் போனார். அங்கே பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அதுவரை கம்பி இழுக்கும் கிளச்சை மட்டுமே அறிந்திருந்தவர், ஒயிலால் வேலை செய்யும் கிளச்சை அங்கேதான் முதலில் கழற்றிப் பார்த்தார்.

அந்தக் கிளச்சில் கம்பியே கிடையாது. கைப்பிடியை அழுத்தினால், அதன் அருகிலுள்ள சின்னக் கிண்ணத்துப் பிரேக் ஒயில் குழாய் வழியே தள்ளப்பட்டு, இஞ்சின் பக்கத்திலிருக்கும் ஒரு பிஸ்டனை நகர்த்தும். கிளச் விடுபடும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் கையின் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், கியர் மாறாது. காற்றை வெளியேற்றுவதில் ஹென்றிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிரிஞ்சில் புது ஒயில் நிரப்பி, கீழேயிருந்து மேலே தள்ளுவார். குமிழி தானாக மேலே போகும்.

தொண்ணூற்று இரண்டில் ஊர் திரும்பினார். மனைவி றோஸின் வீடு கண்டியில்தான். பழுதுபார்க்கும் கடை போட இடம் கிடைத்ததோ, பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்த மடவளையில். றம்லத் என்ற விதவை தன் வீட்டு முன்பக்கத்தை வாடகைக்குக் கொடுத்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஹென்றியும் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

பியதிலக்க என்ற சிங்களவர் கட்டுகஸ்தோட்டையில் மரம் விற்கும் மரக்காலை வைத்திருந்தார். ஜப்பானில் ஓடி முடிந்து வந்த நானூறு சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். தொண்ணூற்று எட்டில், கண்டியில் குண்டு வெடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்த நேரம், கிளச்சை அழுத்தினாலும் கியர் மாறவில்லை என்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிண்ணத்தின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒயில் குறைந்து, கறுத்துக் கிடந்தது. யாராவது வேறு ஏதும் ஊற்றினார்களா என்று ஹென்றி கேட்டார். யாரும் தொடவேயில்லை என்றார் பியதிலக்க. அப்படியென்றால் காற்றுத்தான் புகுந்திருக்க வேண்டும் என்று ஹென்றி நினைத்தார்.

பிரேக் ஒயில் காற்றுப்பட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் புது ஒயில் கைக்கு வராமல் ஹென்றி மூடியைத் திறப்பதில்லை. மறுநாள் காலை கண்டிக் கடைத்தெருவில் ஒரு போத்தல் ஒயிலும், பாமசியில் பெரிய சிரிஞ்சும், கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு பிளாஸ்ரிக் குழாயும் வாங்கிக்கொண்டு மடவளை பஸ்ஸில் ஏறினார்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் ஹென்றியோடு தகப்பனின் தமிழ்ப் பெயரும் இருந்தது. பையில் போத்தல், சிரிஞ்ச், குழாய். மோட்டார் சைக்கிளுக்கு என்று ஹென்றி நல்ல சிங்களத்தில்தான் சொன்னார். மோட்டார் சைக்கிளுக்கு யார் ஊசி போடுவார்கள் என்று கேட்டான் அங்கிருந்த காவலன். ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்து அறையில் அன்றிரவு அவரோடு இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் லொட்ஜில் தங்கியிருந்தபோது பிடிபட்ட வவுனியாக்காரர். கைதாகி எத்தனை நாள் என்பதே அவருக்கு மறந்திருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் ஹென்றிக்குப் பயம் வந்தது.

பஸ் கண்டக்டர் மூலம் சேதி றம்லத்துக்குப் போனது. அவர் முதலில் றோஸுக்குச் சொல்லியனுப்பினார். விடிந்ததும் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதுவரை எட்டிக்கூடப் பார்த்திராத மரக்காலைக்குப் போனார்.

"உங்கட சைக்கிளுக்குச் சாமான் வாங்கப் போனவரத்தான் புடிச்சி வெச்சீக்காங்க. நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

பியதிலக்க உடனே லொறியை எடுத்தார். மடவளையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நேரே பொலிஸுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் ஹென்றியையும் பியதிலக்கவையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். சொன்ன வேலையைச் செய்து காட்டு என்று, எடுத்து வைத்திருந்த சாமான்களை ஹென்றியிடம் கொடுத்தார். ஹென்றி கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே மூடியோடு ஒட்டி இருக்க வேண்டிய மெல்லிய றப்பர், வீங்கி நெளிந்து வெளியே பிதுங்கியது. அதைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் தொடங்கியாயிற்று. கீழே குழாயை மாட்டிச் சிரிஞ்சை அழுத்தினார். தண்டு அசையவில்லை. கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். உள்ளே போன கைப்பிடி திரும்பி வரவேயில்லை.

முற்றத்தில் நின்ற பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது இங்க சரிவராது சேர்," என்றார். "காத்து மட்டும் இல்ல. உள்ளுக்கு றப்பர் வீங்கி வழிய அடைச்சிருக்கு. பிரேக் ஒயிலோட வேற ஒயில் கலந்திருக்கு."

அதை எப்படி நம்புவது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஹென்றி இரண்டு கிளாசில் தண்ணீர் கேட்டு வாங்கினார். ஒன்றில் போத்தலிலிருந்த புது ஒயிலை விட்டார். தண்ணீரோடு கரைந்து போனது. மற்றதில் கிண்ணத்து ஒயிலை விட்டார். ஒரு பகுதி கரைந்தது. மிச்சம் மினுமினுத்துக்கொண்டு மேலே மிதந்தது.

"யார் ஊற்றியது?"

ஹென்றி போத்தலின் மூடியைத் திருகி மூடினார். யாரென்று ஓரளவு தெரியும். ஆனால் தனக்காக அந்த வாசலுக்கு வந்திருந்த ஒரே மனிதரை அவர் எப்படிக் காட்டிக்கொடுப்பார்?

பியதிலக்க குனிந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நான்தான் ஊத்தினேன். கிண்ணத்தில குறைஞ்சிருந்தது. கையில இருந்தது இஞ்சின் ஒயில். ஒயில்தானே என்று நினைச்சேன். இவர் கேட்டபோது வெட்கத்தில இல்லை என்று சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னேரம் ஹென்றியை விட்டார்கள், ஒவ்வொரு ஞாயிறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிரிஞ்சைத் திருப்பித் தரவில்லை. வவுனியாக்காரர் உள்ளேயே இருந்தார். அவருக்கு என்ன ஆனது என்று ஹென்றிக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

லொறியில் வரும்போது ஹென்றி சொன்னார்: "முதல்லயே சொல்லியிருந்தா நான் சிரிஞ்ச் வாங்கப் போயிருக்கவே மாட்டேன். றப்பருக்குத்தான் ஆள் அனுப்பியிருப்பேன்."

"தெரியும்," என்றார் பியதிலக்க. "வரும்போதும் அதைத்தான் நினைச்சேன்."

றப்பர்களைத் தேடி பியதிலக்கவே, வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தார். ஹென்றி எல்லாவற்றையும் கழற்றினார். இரண்டு பிஸ்டன்களின் றப்பர்களோடு மூடி றப்பரையும் குழாயையும் மாற்றினார். பழைய ஒயில் ஒரு சொட்டும் மிஞ்சாமல் கழுவினார். காற்றெடுக்க இந்த முறை சிரிஞ்ச் இல்லை. வாங்கவும் மனம் வரவில்லை. ஒருவர் மேலே கைப்பிடியை அழுத்த, ஒருவர் கீழே காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். கடையில் வேறு ஆளில்லை. றம்லத்தைத்தான் கூப்பிட்டார். பிரேக் ஒயில் பட்டால் பெயின்ற் உரியும் என்பதால் பெற்றோல் தாங்கியின் மேல் ஈரத்துணி விரித்திருந்தார்.

"பிடிங்க தாத்தா. விட்டுராதீங்க."

"புடிச்சித்தான் ஈக்கன்."

"இப்ப விடுங்க."

இப்படியே நெடுநேரம் போனது. கீழே போத்தலுக்குள் போன குழாயில் குமிழிகள் வந்து வந்து நின்றன. கைப்பிடி மெல்ல மெல்ல இறுகியது. கை வலிக்கிறது என்று றம்லத் ஒருமுறையும் சொல்லவில்லை. சோற்றுக்கு உலை வைக்க நேரமாகிவிட்டது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் நன்றாக ஓடியது. றோஸின் பயம்தான் தெளியவில்லை. பஸ் பிந்தினால் வாசலிலேயே நிற்பார். வீடும் கடையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இனிச் சரி என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இரண்டாயிரத்து இரண்டில், சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், கடுகண்ணாவைக் கணவாயில் ரோட்டோரமாகப் பின்னால் இரண்டு அறையோடு ஒரு கடை கிடைத்தது. றம்லத் முன்பக்கத்தை ஒரு தையல்காரருக்குக் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வொரு பெருநாளுக்கும் கடுகண்ணாவைக்கு வட்டிலப்பம் அனுப்பினார்.

கணவாய் ஏற்றத்தில் வரும் வண்டிகளால் ஹென்றிக்கு வேலை குறையவில்லை. ஒயில் கிளச் உள்ளவர்களிடம், இரண்டு வருடத்துக்கொருமுறை ஒயிலை மாற்றச் சொல்வார். கிண்ணத்துக் கண்ணாடியில் ஒயில் தேயிலைச் சாயம் போலக் கறுத்துத் தெரிந்தால் அதற்கு முன்பே வரச் சொல்வார். வேலை முடிந்த வண்டியைக் கீழ் வளைவு வரை தானே ஓட்டிப் போய், ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு திரும்பி வருவார். இந்த வயதில் அது தேவைதானா என்று றோஸ் கேட்பார். ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது என்பார் ஹென்றி.